அங்குலத்துக்கு ஒரு நூல்: மரச்சாமான்களை மையிலும் வாஷிலும் வரைவது

குன்னூர், கோத்தகிரி, ஊட்டி பக்கத்துப் பழைய பங்களாக்களில் இன்னும் நல்ல மரச்சாமான்கள் இருக்கின்றன. ஈட்டி மரத்தில் செதுக்கிய சைடுபோர்டு, கை நீண்ட சாய்வு நாற்காலி, பிரம்பு பின்னிய சோபா, கண்ணாடிக் கதவு போட்ட புத்தக அலமாரி என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒன்றிரண்டாவது தேறும். எஸ்டேட் கைமாறும்போது, சொத்து பாகம் பிரியும்போது, வீட்டை ஹோம்ஸ்டேயாக மாற்றும்போது, இவற்றைப் பழுது பார்க்கவும் இதேபோல இன்னொன்று செய்யவும் ஆட்கள் பட்டறைக்கு வருவார்கள். அந்த வேலைகளுக்கு வரைபடம் போட்டுத் தருவது என் பிழைப்பு. பென்சிலில் ஆரம்பித்து, மையில் கோடு இழுத்து, அதன்மேல் தண்ணீரில் கரைத்த சாயத்தை ஓடவிட்டு நிழல் கொடுக்கும் பழைய முறையில்தான் வரைகிறேன். பட்டறையில் இதற்கு வாஷ் டிராயிங் என்று பெயர்.

போட்டோ எடுத்து அனுப்பினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. போனை லேசாகச் சாய்த்துப் பிடித்தாலே நிமிர்ந்த சட்டங்கள் ஒன்றையொன்று பார்த்துச் சாய்ந்துவிடும். முன்னால் தள்ளி நிற்கும் பகுதி பெரிதாகவும் உள்ளே இருக்கும் பகுதி சிறிதாகவும் விழும். பாலிஷ் பளபளப்பில் செதுக்கல் பாதி காணாமல் போகும். கம்ப்யூட்டரில் முப்பரிமாணமாகப் போடலாம்தான். நேர்க்கோடும் சதுரமுமாக வரும் கிச்சன் கப்போர்டுக்கு நானே அதைத்தான் சொல்வேன். இலையும் சுருளும் செதுக்கிய சாமானுக்கு அது சரிப்படுவதில்லை. செதுக்குகிற ஆசாரிக்கு வேண்டியது ஒரு இலை எங்கே எழும்பி எங்கே பலகையோடு படிகிறது என்கிற தகவல். அதைக் கையால் போட்ட நிழல் சொல்கிற மாதிரி வேறெதுவும் சொல்லி நான் பார்க்கவில்லை.

வரைபடத்தை வாசிக்க இரண்டு பேர் இருக்கிறார்கள். சாமானுக்குக் காசு கொடுப்பவர் ஒருவர், அதைச் செய்யப் போகிறவர் இன்னொருவர். முதலாமவருக்கு அது எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டும். இரண்டாமவருக்கு அது எவ்வளவு என்று தெரிய வேண்டும். ஒரே தாளில் இருவருக்கும் பதில் இருந்துவிட்டால் பட்டறையில் பாதிச் சண்டை வராது.

இந்த வழக்கம் ரொம்பப் பழையது. 18ஆம் நூற்றாண்டில் லண்டனில் மரச்சாமான் வியாபாரம் வரைபடங்களை நம்பித்தான் நடந்தது. செயின்ட் மார்ட்டின்ஸ் லேனில் பட்டறை வைத்திருந்த தாமஸ் சிப்பென்டேல், 1754இல் தன் வடிவங்களை 160 செப்புத்தகட்டு அச்சுப் படங்களாக வெளியிட்டார். 1762இல் வந்த மூன்றாம் பதிப்பில் அது 200 ஆனது. அச்சுக்கு முன் கையால் போட்ட மூலப் படங்களில் நிறைய இன்றும் பிழைத்திருக்கின்றன. நியூயார்க்கில் உள்ள மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 1920இல் ஒரு பெரிய தொகுப்பை வாங்கி வைத்திருக்கிறது. கறுப்பு மைக் கோடு, அதன்மேல் சாம்பல் வாஷ், அவ்வளவுதான். அருங்காட்சியகத்தின் இணையதளத்திலேயே அவற்றைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் யாரும் முதலில் அவற்றோடு சில மாலைகள் உட்கார வேண்டும்.

அந்தப் படங்களிலிருந்து நான் நேராக எடுத்துக்கொண்டது ஒரு சிக்கனமான வித்தை. ஒரே நாற்காலியின் இடது காலும் கையும் ஒரு மாதிரி இருக்கும், வலது பக்கம் வேறு மாதிரி இருக்கும். இரண்டு டிசைனை ஒரே படத்தில் காட்டி, பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள் என்று வாடிக்கையாளரிடம் நீட்டுவார்கள். சாமான் பெரும்பாலும் இரு பக்கமும் ஒத்துப்போவதால் பாதியைப் பார்த்தாலே முழுசும் மனதில் வந்துவிடும். நானும் அப்படித்தான் செய்கிறேன். குன்னூரில் ஒரு வீட்டுக்குக் கட்டில் தலைப்பலகை வரைந்தபோது, இடப் பாதியில் நிறையச் செதுக்கலும் வலப் பாதியில் ஓரத்தில் மட்டும் ஒரு கொடியும் போட்டேன். அந்த அம்மா ஒரு வெள்ளைத் தாளால் ஒரு பாதியை மூடி மறுபாதியைப் பார்த்தார். அப்புறம் மாற்றி மூடினார். “இந்தப் பக்கம்தான் கண்ணு, இங்க கண்ணுக்குக் கொஞ்சம் மூச்சு விட எடமிருக்கு” என்று கொடியைக் காட்டினார். தனித்தனித் தாளில் போட்டிருந்தால் ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பார்த்துக் குழம்பியிருப்பார்.

இங்கிலாந்தின் லங்காஸ்டரில் இருந்த கில்லோ என்ற மரச்சாமான் பட்டறையின் மதிப்பீட்டு நோட்டுகளும் பயனுள்ளவை. சாமானின் சின்னப் படம், பக்கத்திலேயே எந்த மரம் எவ்வளவு, கூலி எவ்வளவு என்ற கணக்கு. அதைப் பார்த்த பிறகு நானும் தாளின் வலது ஓரத்தில் மரக் கணக்கைப் பென்சிலில் எழுதிவிடுகிறேன். படம் ஒரு கோப்பிலும் கணக்கு இன்னொரு நோட்டிலுமாகக் கிடந்தால், ஆறு மாதம் கழித்து இரண்டையும் சேர்க்க முடியாது.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நிழல்.

வாஷ் போடுகிற பலரும் நிழலைக் கண்ணுக்கு அழகாக வரும் இடத்தில் போடுகிறார்கள். மரச்சாமான் வரைபடத்தில் அந்த உரிமை நமக்குக் கிடையாது. இங்கே வெளிச்சம் எப்போதும் இடது மேல்மூலையிலிருந்து, 45 பாகைச் சாய்வில் வருவதாக வைத்துக்கொள்வது மரபு. கட்டட வரைபடங்களிலும் இதே கணக்குதான். இதில் ஒரு அருமையான வசதி இருக்கிறது. வெளிச்சம் இந்தச் சாய்வில் வந்தால், ஒரு பகுதி எவ்வளவு முன்னால் தள்ளி நிற்கிறதோ, அதே அளவுக்குத்தான் அதன் நிழல் கீழேயும் வலப்பக்கமும் இறங்கும். மேல்சட்டம் இரண்டு அங்குலம் முன்னால் வந்தால், கீழே இருக்கும் சமதளப் பலகையில் நிழல் சரியாக இரண்டு அங்குலம் அகலத்துக்கு விழும். உள்ளே இறக்கிய பேனலில் இது அப்படியே திரும்பும்: மேல் ஓரத்திலும் இடது ஓரத்திலும் உள்ள நிழலின் அகலம்தான் பேனல் இறங்கியிருக்கும் ஆழம். அதாவது முன்பக்கப் படம் ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஆழத்தையும் அளந்துவிடலாம்.

இதை எங்கள் ஆசாரி எந்தப் பாடமும் இல்லாமலே பிடித்துக்கொண்டார். காரமடைப் பக்கத்துக்காரர், சின்ன வயதிலிருந்தே இழைப்புளி பிடித்தவர். நான் எட்டில் ஒரு பங்கு அளவில் வரைகிறேன். காரணம் எளிது: எட்டு நூல் சேர்ந்தால் ஒரு அங்குலம். எட்டில் ஒரு பங்கில் வரைந்தால் நிஜத்தில் ஒரு அங்குலம் இருப்பது தாளில் ஒரு நூல். மனக்கணக்கே தேவையில்லை. ஒரு சைடுபோர்டு படத்தைக் கொடுத்தபோது அவர் பக்கவாட்டுத் தோற்றத்தைப் பார்க்கக்கூட இல்லை. டிவைடரை எடுத்து, மேல்பலகைக்குக் கீழே இருந்த நிழலில் வைத்து, அப்படியே ஸ்கேலில் வைத்தார்.

“அம்மிணி, இந்த நெழல் ஒன்றரை நூல் இருக்குதுங்க. அப்ப மேல்பலகை ஒன்றரை அங்குலம் முன்னால வருதுங்களா?”

“ஆமாங்கண்ணா.”

“அப்ப கீழ இருக்கற சட்டத்துக்கு நெழலே இல்லீங்களே?”

“அது டிராயரோட சமமா நிக்குதுங்கண்ணா. அதனாலதான் போடல.”

அந்த உரையாடலுக்குப் பிறகு நான் நிழலை ஒருபோதும் கண்மதிப்பில் போடுவதில்லை. முதலில் பென்சிலில் டிவைடர் வைத்துக் குறித்துக்கொண்டு, அந்த எல்லைக்குள்தான் வாஷ் விடுகிறேன். ஒரு இடத்தில் நிழல் கொஞ்சம் கூடுதலாகப் போனால் படம் அழகாகவே இருக்கலாம். ஆனால் அரை அங்குல மரம் வீணாகும்.

வளைவான பகுதிக்கு வேறு விதி. வெளியே புடைத்த உருண்டையில் இடதும் மேலும் வெளிச்சம், வலதும் கீழும் இருட்டு. குழிவில் நேர்மாறு. புடைப்பா குழிவா என்ற குழப்பம் வராமல் காப்பாற்றுவது இந்த ஒரு ஒழுங்குதான். ஒரே தாளில் ஒரு மூலையில் வெளிச்சம் இடமிருந்தும் இன்னொரு மூலையில் வலமிருந்தும் வந்தால், நல்ல ஆசாரிகூடக் குழிவைப் புடைப்பாகச் செதுக்கிவிடுவார். அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. உருளையான காலில் இருட்டின் உச்சத்தை வலது விளிம்பிலேயே வைக்கக் கூடாது, கொஞ்சம் உள்ளே தள்ளி வைக்க வேண்டும். விளிம்பை ஒட்டி மெல்லிய வெளுப்பு ஒன்றை விட்டால்தான் கால் திரண்டு தெரியும். சுற்றியுள்ள பொருள்களிலிருந்து திரும்பி வரும் ஒளி அது.

செதுக்கல் வேலைக்கு எட்டில் ஒரு பங்கு போதாது. இரண்டு நூல் ஆழமுள்ள இலை அந்த அளவில் தலைமுடிக் கோடாகிவிடும். அதனால் முழுப் படம் சின்ன அளவிலும், செதுக்கல் உள்ள இடங்கள் மட்டும் நிஜ அளவிலும் தனித்தாளில் வரும். நிஜ அளவுத் தாளில் நிழலின் அகலமும் ஆழமும் ஒன்றே.

பழைய சாமானை அளவெடுக்கப் போகும்போது மலையின் வானிலையை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மூடுபனி நாளில் ஜன்னல் வெளிச்சம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பரவி, செதுக்கலைத் தட்டையாக்கிவிடும். வரைந்து முடித்த படத்தை போட்டோ எடுக்க அந்த வெளிச்சத்தைவிட நல்லது கிடையாது. செதுக்கலைப் படிக்க அதைவிட மோசமானதும் கிடையாது. நான் ஒரு டார்ச் எடுத்துப் போவேன். சாமானுக்கு இடது மேல்பக்கம், பலகையை ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடித்தால், அதுவரை வெறும் கோடாகத் தெரிந்தது எழும்பி நிற்கும். தாளில் வெளிச்சம் எந்தத் திசையோ, டார்ச்சும் அதே திசையில் இருக்க வேண்டும். பார்த்ததை அப்படியே வரையலாம், மனதுக்குள் திருப்பிப் போட வேண்டியதில்லை. யாராவது ஒருவர் டார்ச் பிடித்தால் சௌகரியம். வீட்டுப் பிள்ளைகள் ஆசையாகவே பிடிப்பார்கள்.

விளிம்பு வளைவுகளை அளக்க மெல்லிய ஈயக் கம்பி போதும். கம்பியை வளைவில் அழுத்தி, உருவம் கலையாமல் எடுத்துத் தாளில் வைத்து ஓரமாகக் கோடு இழுத்துவிடலாம். செதுக்கலின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சில் தேய்த்தும் உரு எடுக்கலாம். பொன்முலாம் பூசியதிலும் பாலிஷ் உரிந்து பொரிந்ததிலும் மட்டும் வேண்டாம். அப்புறம், சாமானைத் திருப்பி அடிப்பக்கமும் டிராயரின் பின்பக்கமும் பார்க்காமல் வீட்டைவிட்டு வரக் கூடாது. முன்பக்கம் ஈட்டியாக இருக்கும், உள்ளே வேறு மரமாக இருக்கும். மூட்டு எப்படிப் போட்டிருக்கிறார்கள், எந்தக் கால் பின்னால் மாற்றியது என்பதெல்லாம் அங்கேதான் தெரியும்.

ஐரோப்பிய பாணியில் செய்த சாமான்களில் எங்கே திரும்பினாலும் ஒரே இலைதான் சுருண்டு நிற்கும். அகாந்தஸ் என்று மத்தியதரைக் கடல் பக்கத்துச் செடி. கிரேக்கர்கள் தூண் தலையில் செதுக்க ஆரம்பித்து, அங்கிருந்து உலகம் முழுக்கப் போனது. நம் ஆடாதொடை அந்தச் செடியின் குடும்பம்தான். இந்த மலையின் நீலக்குறிஞ்சியும் அதே குடும்பம். இது தெரிந்த நாளிலிருந்து எனக்கு ஒரு ஆசை. நீலகிரியில் ஒரு கட்டில் செய்கிறோம் என்றால், கடல் தாண்டிய செடிக்குப் பதில் இங்கே சரிவில் நிற்கும் அதன் உறவுக்காரச் செடியைச் செதுக்கலாமே என்று. மேலே சொன்ன தலைப்பலகையில் அந்த அம்மா தேர்ந்தெடுத்த கொடி அப்படி வந்ததுதான்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு சரிவில் நின்று செடியைப் பார்த்து வரைந்தேன். ஒரு இலையையும் பறிக்கவில்லை. 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் செடியைப் பறித்து மேசையில் வைத்து வரைவதில் எனக்கு உடன்பாடில்லை. இலைகள் இரண்டிரண்டாக எதிரெதிரே நிற்கும். விளிம்பில் சின்னச் சின்னப் பற்கள், நரம்புகள் நன்றாகப் பதிந்து தெரியும். செதுக்குவதற்கு இதைவிட நல்ல இலை வேண்டுமா? நரம்புப் பள்ளத்தில் ஒரு மெல்லிய வாஷ், இரண்டு நரம்புக்கு நடுவே வெறும் தாள், அவ்வளவில் இலை உயிர் பெற்றுவிடும். பூவுக்கு நடப்பு வருஷத்தை நம்ப முடியாதே. பழைய போட்டோக்களைப் பார்த்து மணி மாதிரியான உருவை எடுத்துக்கொண்டேன்.

படத்தைப் பார்த்த ஆசாரி இலைகளுக்குத் தலையாட்டிவிட்டு, பூக்களில் விரல் வைத்தார். “இந்த எதழ் நுனி ரேகைக்குக் குறுக்க வருதுங்க. ஒரு தரம் தொடச்சாலே ஒடிஞ்சிரும்.” மரத்துக்கு வலு அதன் ரேகை ஓடும் திசையில்தான். ரேகைக்குக் குறுக்கே மெல்லியதாக எதை விட்டாலும் அது நிற்காது. பலகையின் ரேகை கிடையாக ஓடுவதால், பூக்களைச் சற்றுப் படுக்க வைத்து, இதழ் நுனிகளை இலையின் மேல் சாய்த்துவிட்டோம். படம் முன்பைவிட நன்றாகவே ஆனது. இப்போது செதுக்கல் தாளின் மூலையில் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று ஒரு அம்புக்குறி போட்ட பிறகுதான் பென்சிலையே தொடுகிறேன்.

மை பற்றிக் கொஞ்சம். ஐரோப்பாவில் நூற்றாண்டுக் கணக்கில் புழங்கிய இரும்பு மை எதில் செய்தது தெரியுமா? மாசிக்காய், அன்னபேதி, வேலம்பிசின். மூன்றும் நம் நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் கிடைக்கிற சரக்கு. எழுதும்போது வெளிறி இருக்கும், காற்றுப்பட்டுக் கறுக்கும், காலம் போகப்போகப் பழுப்பாகும். அதில் உள்ள அமிலம் தாளை அரிக்கும் என்பதால் பழைய படங்கள் சிலவற்றில் கோடு இருந்த இடத்தில் கீறல்தான் மிச்சம். ஆசைக்குக் காய்ச்சிப் பார்க்கலாம். வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் படத்துக்கு வேண்டாம்.

கோட்டுக்கு நான் பயன்படுத்துவது தண்ணீரில் கரையாத கறுப்பு டிராயிங் இங்க். புகைக்கரியும் அரக்கும் சேர்ந்தது. மேசையில் போடும் பிரெஞ்சு பாலிஷும் அதே அரக்குதான் என்று நினைத்தால் எனக்கு ஒரு சந்தோஷம்: படத்தில் கோடு நிற்பதும் மரத்தில் மெருகு நிற்பதும் ஒரே பூச்சியின் தயவு. சாதாரண பவுண்டன் பேனா மை வேண்டவே வேண்டாம், வாஷ் பட்டவுடன் கலங்கி ஓடும். அதேபோல் இந்தக் கறுப்பு மையையே தண்ணீர் விட்டு வாஷுக்கும் எடுத்துக்கொள்ள நினைப்பார்கள். அதுவும் நல்லதல்ல. அரக்கு சீக்கிரம் இறுகி ஓரத்தில் கறை கட்டும், பிரஷும் பாழாகும். கோட்டுக்கு மை, வாஷுக்கு வாட்டர்கலரில் கறுப்போ செபியாவோ என்று பிரித்துக்கொள்ளுங்கள். கோட்டின் கனமும் பேச வேண்டும்: வெளிச்சம் படும் இடது, மேல் விளிம்புகள் மெல்லியதாக, நிழல் பக்கத்து வலது, கீழ் விளிம்புகள் ஒரு படி கனமாக. வாஷ் போடுவதற்கு முன்பே படம் பாதி எழுந்து நிற்கும்.

தாள் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை), வழவழப்பான ரகம். சொரசொரப்பான தாளில் மைக்கோடு நடுங்கும். பென்சில் வேலை எதையும் நான் நல்ல தாளில் செய்வதில்லை. டிரேசிங் தாளில் அழித்து அழித்து முடித்துவிட்டு, சரியானதை மட்டும் மாற்றிக்கொள்வேன். ரப்பர் தேய்த்த இடத்தில் தாளின் மேல்தோல் கிளம்பிவிடும். அங்கே வாஷ் கூடுதலாக ஊறித் திட்டாகும். அந்தத் திட்டு வாஷ் விடும்வரை தெரியாது என்பதுதான் வம்பு. பெரிய தாள் என்றால் தண்ணீரில் நனைத்து, பலகையில் விரித்து, நனைத்து ஒட்டும் பழுப்பு கம் டேப்பால் நாலு பக்கமும் ஒட்டிக் காயவிட வேண்டும். காயும்போது தாள் இறுகி முரசுத்தோல் மாதிரி ஆகும், அப்புறம் எவ்வளவு வாஷ் விட்டாலும் சுருங்காது. குளிர்கிறதே என்று அதை ஹீட்டர் பக்கத்திலோ கணப்பு அடுப்புப் பக்கத்திலோ வைத்துவிடக் கூடாது. ஒரு பக்கம் முன்னால் காய்ந்து டேப்பைப் பிய்த்துக்கொண்டு வரும்.

காயும் நேரம்தான் இந்த மலையில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஊட்டிப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல். குன்னூர், கோத்தகிரியில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை வெளுத்து வாங்கும். இந்த மாதங்களில் மைக்கோடே ஒரு இரவு முழுக்கக் காய வேண்டும். காய்ந்ததா என்று பார்க்க விரல் நுனியை வைக்காதீர்கள், எண்ணெய் ஒட்டும். புறங்கையைத் தாளுக்கு அருகே கொண்டுபோய் லேசாகத் தொடுங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. குளிர்காலத்தில் எல்லாமே சில்லென்றுதான் இருக்கும் என்பதால், அதே ரகத் தாளின் காய்ந்த துண்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்துத் தொட்டு ஒப்பிட்டுக்கொள்வேன்.

இவ்வளவு சொன்னாலும் மூடுபனியை நான் எதிரியாகப் பார்ப்பதில்லை. அகலமான, திட்டில்லாத ஒரே சீரான வாஷுக்கு மூடுபனி நாளைப் போல ஒத்தாசை வேறில்லை. காற்றில் ஈரம் இருப்பதால் வாஷின் முனை சீக்கிரம் காயாது, நிதானமாகக் கீழே இழுத்து வரலாம். மேட்டுப்பாளையத்தில் வெயில் நாளில் அதே வேலையைச் செய்தால் பாதியிலேயே கோடு கட்டிவிடும். ஆகவே பெரிய பரப்பு, அதாவது அலமாரியின் பக்கப் பலகை, பின்னணிச் சாம்பல், இவற்றை மூடுபனி நாளுக்கு ஒதுக்குகிறேன். சின்னச் சின்ன நிழல்கள், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும் இருட்டு, இவற்றுக்கு ஜனவரி முதல் மார்ச் வரையிலான தெளிந்த காலை. வேலை வாங்கும்போதே இதைக் கணக்கில் வைத்துத் தேதி சொல்கிறேன்.

வாஷ் விடும் முறை இதுதான். மூன்று வெள்ளைப் பீங்கான் கிண்ணங்களில் மெல்லிசு, நடுத்தரம், கெட்டி என்று மூன்று கலவை, தேவைக்கு மேலேயே கலந்து வைத்துக்கொள்ள வேண்டும். நடுவில் தீர்ந்துபோய் மறுபடி கலந்தால் அதே நிறம் வராது. பலகையின் தலைப்பக்கத்தை இரண்டு விரல் உயரத்துக்குத் தூக்கி வைத்து, பெரிய பிரஷில் நிறைய எடுத்து, மேலிருந்து ஒரு இழுப்பு. அதன் அடியில் தண்ணீர் மணியாகக் கட்டி நிற்கும். அந்த மணியை உடையவிடாமல் அடுத்தடுத்த இழுப்பில் கீழே அழைத்து வந்து, கடைசியில் பிழிந்த பிரஷால் உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். பாதி காய்ந்த இடத்தைத் திரும்பத் தொடாதீர்கள். அங்கே ஒரு சொட்டு விழுந்தால் பூக்கோலம் விரியும், அதைப் போக்க வழி கிடையாது. வாஷ் காய்ந்தால் ஒரு படி வெளுக்கும் என்பதால், துண்டுத் தாளில் விட்டுக் காயவைத்துப் பார்த்த பிறகே படத்தில் கை வைக்க வேண்டும். கெட்டி வாஷை ஒரே தடவையில் போடுவதைவிட மெல்லிசை இரண்டு மூன்று முறை அடுக்குவது பாதுகாப்பு. வெளிச்சத்துக்கு வெள்ளைப் பெயின்ட் வேண்டாம். தாளின் வெள்ளையே போதும், அதை முன்கூட்டியே ஒதுக்கி வைத்தால்.

நிறம் கேட்பார்கள். ஈட்டிக்கு பர்ன்ட் அம்பரில் கொஞ்சம் ஊதா. தேக்குக்கு ரா சியன்னாவும் பர்ன்ட் சியன்னாவும். நிழல் முழுக்கச் சாம்பலில் முடிந்த பிறகு, மேலே ஒரே ஒரு மெல்லிய நிற வாஷ். மர ரேகையை எல்லாப் பலகையிலும் வரைந்து காட்டுவது எனக்குப் பிடிக்காது. ஒரு டிராயரில் மட்டும் கொஞ்சம் காட்டினால் போதும், பார்ப்பவர் கண் மீதியை நிரப்பிக்கொள்ளும். பிரம்புப் பின்னலும் அப்படித்தான்: ஒரு மூலையில் கண்ணி கண்ணியாகத் தெளிவாக வரைந்துவிட்டு, மீதிக்கு மெல்லிய வாஷ்.

மூலப் படம் பட்டறைக்குள் போகக் கூடாது. அரக்கும் மரத்தூளும் பறக்கும் இடம் அது. நல்ல ஸ்கேன் எடுத்துக் கலர் பிரின்ட் கொடுத்துவிடுகிறேன். கறுப்பு வெள்ளை ஜெராக்ஸில் மெல்லிய வாஷ் மறைந்து கெட்டி வாஷ் அட்டைக் கறுப்பாகிவிடும். நிழலை அளப்பவருக்கு அது உதவாது. பிரின்ட் எடுக்கும் இடத்தில் ‘பக்கத்துக்கு ஏற்ப’ என்று அளவைச் சுருக்கிவிடுவார்கள். அதனால் படத்தின் ஓரத்திலேயே ஒரு அடிக்கான அளவுகோல் வரைந்து வைத்தால், சுருங்கியதா என்று ஆசாரி உடனே பார்த்துக்கொள்வார். மூலப் படத்தைச் சுருட்டாமல், தட்டையாக, தாள்களுக்கு நடுவே அமிலமில்லாத தாள் வைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இரும்பு டிராயரில் வைக்கிறேன். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி இந்த ஊரில் பூஞ்சைக்கு வீடு. லேமினேஷன் செய்து தரட்டுமா என்று கேட்டால், தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லுங்கள்.

புதிதாகப் பழக வருபவர்கள் உடனே செதுக்கல் நாற்காலியில் கை வைக்கிறார்கள். ஒரு கடைசல் கால் போதும். வீட்டு ஸ்டூலில், தொட்டில் கம்பியில், மாடிப்படிக் கைப்பிடியில் எங்காவது இருக்கும். நடுக்கோடு இழுத்து ஒரு பக்கத்தின் வளைவை மட்டும் ஈயக் கம்பியால் எடுத்து, டிரேசிங் தாளை நடுக்கோட்டில் மடித்து மறுபக்கத்தை எடுங்கள். மையில் இழுத்து, ஒவ்வொரு உருண்டைக்கும் அடியில் இருட்டு, ஒவ்வொரு குழிவுக்கும் மேலே இருட்டு, இடது பக்கம் வெறும் தாள் என்று வாஷ் போடுங்கள். பிறகு அதைக் கடைசல்காரர் ஒருவரிடம் எந்த விளக்கமும் சொல்லாமல் கொடுங்கள். எது உருண்டை எது குழிவு என்று அவர் உங்களிடம் கேட்காமல் உளியை எடுத்தால், அடுத்த படமாக நாற்காலியை ஆரம்பிக்கலாம்.